"யோசிக்காதே" என்னும் உபதேசம்

தமிழர் ஒருவருக்கொருவர் வழங்கும் உபதேசங்களில் மிகவும் மலிவானதும், மிகவும் பயனற்றதும், ஆயினும் மிகத் தாராளமாக வழங்கப்படுவதும் ஒன்று உண்டு. அது "யோசிக்காதே" என்பது. கடன்பட்டவனிடம் சொல்கிறோம், தாயை இழந்தவளிடம் சொல்கிறோம், பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் சொல்கிறோம், சம்பளம் வராமல் மூன்று மாதம் தூக்கமிழந்து கிடக்கும் கூலிக்காரத் தோழனிடமும் சொல்கிறோம். சொல்லி முடித்ததும், பெரியதொரு கடமையை நிறைவேற்றிவிட்ட திருப்தியோடு தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போகிறோம். அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். யோசனையும் அவனோடு உட்கார்ந்திருக்கிறது.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்லியனுப்பிய கதையைச் சொல்லாத தமிழ்ப் பாட்டி இல்லை. கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் குரங்கு வந்து குந்திக்கொண்டது. மருந்து கடைசிவரை உள்ளே போகவில்லை. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற மனோதத்துவ ஆசிரியர் இக்கதையை அறியாமலே இதைப் பரிசோதித்துப் பார்த்தார். மாணவர்களைத் தனியே உட்காரவைத்து, வெள்ளைக் கரடியை நினைக்கலாகாது என்றும், நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும் என்றும் சொன்னார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அதனினும் கவனிக்கத்தக்க விஷயம் பின்னர் நடந்தது. இனி நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும், அடக்கிவைத்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. பாட்டியின் கதையைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த நாம், துயருற்றவன் முன்னே போய் நின்று "அதை நினைக்காதே" என்று சொல்லி, அவன் கிண்ணத்தில் நம் கையாலேயே குரங்கை ஏற்றிவைக்கிறோம். இது அறியாமை மட்டுமன்று, சோம்பேறித்தனமுமாகும். ஏனெனில் அவனுக்குச் செய்யத்தக்க உதவி ஒன்று இருக்கிறது. அதற்குச் சற்றுப் பாடுபட வேண்டும். அவ்வளவே.

அவ்வுதவியைப் பற்றிச் சொல்லுமுன், நோய் இன்னதென்று தெளிவாகப் பேசிக்கொள்வது நலம். நான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி; கணக்கெழுதிப் பிழைப்பவன். பேரேட்டில் ஒரு பற்றை ஒருமுறை எழுதினால் போதும். அதே பற்றை நாள்தோறும் பக்கத்துக்குப் பக்கம் எழுதி, வரவுப் பக்கத்தைத் திரும்பியே பாராத கணக்கனை எந்த மானேஜரும் ஒரு வாரம் வேலையில் வைத்திருக்கமாட்டார். மனத்துக்கு இந்த வியாதி பிடித்தால் அதுதான் நிகழ்கிறது. "எனக்கு ஏன் இப்படி?", "நான் ஏன் இப்படிப்பட்டவன்?", "அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்யாதிருந்தால்?" என்று ஒரே பற்று ஆயிரந்தடவை எழுதப்படுகிறது, தொகை கட்டப்படுவதில்லை. இதை நம்மவர் அசைபோடுதல் என்பர். மாடு அசைபோட்டால் தின்றது சீரணமாகி இரத்தமாகிறது. மனிதன் அசைபோட்டால் ஒன்றும் சீரணமாவதில்லை. அரைத்த மாவு மறுபடியும் கல்லில் விழுகிறது.

இவ்வழக்கம் துயரத்தின் விளைவு மட்டும்தான், துயரம் தீர்ந்தால் தானே தீரும் என்று நினைப்போர் பலர். அஃது உண்மையன்று. சூசன் நோலன்-ஹூக்ஸிமா என்ற ஆராய்ச்சியாளர் 1989-இல் ஸ்டான்போர்டு மாணவர்களின் மனநிலையையும் சிந்தனை வழக்கத்தையும் அளந்து வைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 17-ஆம் தேதியன்று, அப்பிரதேசத்தில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. எல்லார் காலடியிலும் ஒரே நிலந்தான் ஆடியது. ஆனால் சில வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, முன்னரே துயரத்தை அசைபோடும் வழக்கமுடையோரே கூடுதலான மனச்சோர்வில் கிடந்தனர். அவர்கள் முன்பிருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. ஆகவே வழக்கம் வேறு, துயரம் வேறு. துயரத்தை வேரோடு களைய நம்மால் இயலாமற் போகலாம், வழக்கத்தை மாற்றலாம். பழக்கத்தினால் வந்ததைப் பயிற்சியினால் போக்க முடியும் என்பதே இங்கு நான் வாதிக்கும் விஷயம். அந்தப் பயிற்சியை இங்கிலீஷ் படித்தவர்களின் தனிச்சொத்தாக வைத்திருப்பதை எதிர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிற்க. சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்து பாருங்கள். தேக்காச் சந்தையிலிருந்து ரேஸ்கோர்ஸ் ரோடு வரை, பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கேம்பல் லேன் எங்கும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த நம் தோழர்கள் கூட்டங்கூட்டமாக நிற்பர். பேசுவோரைக் காட்டிலும், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்போரே மிகுதி. ஊரில் தங்கையின் கல்யாணக் கடன். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தின் வட்டி. பாதியில் நிற்கும் வீடு. இவர்களின் மனச்சுமைக்கு இன்று கடைத்தெருவில் கிடைக்கும் மருந்துகள் எவை? தலையெழுத்து என்று சொல்லும் சோதிடம் ஒன்று, தாயத்து ஒன்று, சாராயப் புட்டி ஒன்று. முதலிரண்டும் அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்வதாகப் பாவனை செய்து, "ஏன் எனக்கு?" என்ற கேள்வியையே இன்னும் ஆழமாக உழுது விடுகின்றன. சனி என்றும் செய்வினை என்றும் ஒரு காரணத்தைக் கொடுத்தால் அசைபோடப் புதுப்புல் கிடைத்தது போலாகிறது. மூன்றாவது மருந்தைப் பற்றிச் சர்க்காரே அக்கறை எடுத்துக்கொண்டது. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஒரு தமிழ்த் தொழிலாளி பஸ்ஸின் அடியில் சிக்கி இறந்ததையொட்டிக் கலவரம் மூண்டது. 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்த வட்டாரம் விசேஷக் கட்டுப்பாட்டு எல்லையாயிற்று. நல்லது, குடியை ஆதரித்து நான் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. ஆனால் புட்டியைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டோமே, அவன் அதைத் தேடிப்போன காரணத்தை எங்கே கொண்டுபோய் வைத்தோம்? அதை அவன் படுக்கைக்கே திருப்பி அனுப்பினோம்.

2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் அந்தப் படுக்கை எப்படியிருந்தது என்பதை நாடறியும். சுமார் மூன்று லட்சம் தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டனர். ஆண்டிறுதியில் சர்க்காரே வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் நூற்றுக்கு 47 பேரை அந்நோய் தொட்டிருந்தது. வேலையில்லை, வெளியில்லை, ஊருக்குப் போகவும் வழியில்லை. அசைபோடும் மனத்துக்கு இதைவிடத் தோதான கொட்டகையை யாராலும் கட்டியிருக்க முடியாது. அதன் பின்னரே தொழிலாளர் மனநலத்துக்கென்று சர்க்கார் தனித்திட்டம் வகுத்தது. 2006 முதல் இத்தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துவரும் ஹெல்த்சர்வ் போன்ற சங்கத்தார் ஆலோசனையும் வழங்கிவருகின்றனர். அவர்களை நான் போற்றுகிறேன். ஆனால் அவர்கள் சிலர். இங்கு வாழும் தமிழராகிய நாம் பலர்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இங்கிலாந்தில் எக்ஸிடர் சர்வகலாசாலையில் எட்வர்ட் வாட்கின்ஸ் என்பார் நெடுநாள் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டார். துயரத்தைப் பற்றிச் சிந்திப்பதெல்லாம் கேடு விளைப்பதில்லை. சிந்திக்கும் விதமே கேட்டுக்கும் நன்மைக்கும் காரணம். "ஏன்?" என்று கேட்கும் மனம் மேகத்தில் நடக்கிறது. "ஏன் எனக்கு மட்டும் இப்படி?" என்பதற்கு முடிவான பதிலே கிடையாது. ஆகவே கேள்வி தன்னைத்தானே மறுபடியும் கேட்டுக்கொள்கிறது; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சம்பவம் ஒரு வாழ்க்கைத் தீர்ப்பாகப் பெருக்கிறது. "மேஸ்திரி இன்று என்னைத் திட்டினார்" என்பது "நான் எதற்கும் உதவாதவன்" என்றாகி, "என்னைப் பெற்றவர்களுக்கும் நான் பாரம்" என்பதில் போய் நிற்கிறது. "எப்படி?" என்று கேட்கும் மனமோ நிலத்தில் நடக்கிறது. எந்த நாள், எந்த இடம்? யார் என்ன வார்த்தை சொன்னார்? அதற்கு முந்திய நிமிஷம் என்ன நடந்தது? எந்தப் படியில் வேறு திசையில் போயிருக்கலாம்? நாளைக் காலையில் செய்யத்தக்க முதற் சிறு காரியம் யாது? இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. பதில் கிடைத்த கேள்வி அடங்கிவிடுகிறது.

இதைக் கேட்டவுடன், "இவ்வளவுதானா?" என்று உதடு பிதுக்குவோர் உண்டு. இவ்வளவேதான், ஆயினும் தெரிந்துகொள்வது வேறு, கைவருவது வேறு. எங்கள் பாட்டனார் காலத்தில் பால்மரம் வெட்டக் கற்றுக்கொண்டவன் முதல் நாளே பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டிவிடவில்லை. கத்தி எந்தச் சாய்வில் இறங்கவேண்டும் என்று நூறு தடவை சொல்லிக்கொடுத்தாலும், விடியற்காலை இருட்டில் பல மாதம் வெட்டிய பிறகே கைக்குப் புத்தி வந்தது. மனத்துக்கும் அப்படியே. வாட்கின்ஸ் வகுத்த முறையில், நோயாளி ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டு நாள்தோறும் பல வாரங்கள் இந்த மாற்றத்தைப் பழகவேண்டும். இடையிடையே ஒருவர் டெலிபோனில் விசாரித்து வழிகாட்டுவார். மனச்சோர்வு நோயால் வருந்திய 121 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2012-இல் வெளியாயிற்று. வழக்கமான வைத்தியத்தை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும், அதனோடு இப்பயிற்சியும் பெற்றவர்களுக்குச் சோர்வு குறைந்தது. ஆறு மாதங்கழித்தும் அக்குறைவு நிலைத்திருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்வதாயின், உடலைத் தளர்த்தி அமைதிப்படுத்தும் பயிற்சி பெற்ற இன்னொரு வகுப்பாருக்கும் சோர்வு ஏறக்குறைய அவ்வளவே குறைந்தது. அசைபோடும் வழக்கம் மட்டும் இப்பயிற்சியில் கூடுதலாகக் குறைந்தது. எனவே இதைச் சர்வரோக நிவாரணி என்று கூவி விற்க நான் வரவில்லை. கூவி விற்பவர்கள் நம் கடைத்தெருவில் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

இன்னொரு முறையையும் சொல்லவேண்டும். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். தாமஸ் போர்கோவெக் என்பாரும் அவர் கூட்டாளிகளும் 1983-இல் எழுதியது. கவலையை அடக்காதே, அதற்கு நேரம் ஒதுக்கு என்றனர். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், அரைமணி நேரம். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால், "உனக்கு மாலை ஏழு மணிக்கு முறை" என்று ஒத்திவைத்துவிட்டு, கையிலுள்ள வேலையைக் கவனிக்கவேண்டும். ஏழு மணிக்கு உட்கார்ந்து, எழுதி, தீர்க்கத்தக்கதைத் தீர்க்க முயலவேண்டும். படுக்கையை அந்த இடமாக்கலாகாது. "யோசிக்காதே" என்னும் நம் உபதேசத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று குரங்கைத் துரத்துகிறது. மற்றொன்று குரங்குக்கு ஒரு கிளையைக் காட்டி அங்கே இருக்கச் சொல்கிறது. கம்ப்யூட்டரில் எண்களைக் கூட்டிக் கவனத்தைப் பழக்கும் வித்தைகளும் வந்திருக்கின்றன. அவற்றின் பலனைக் குறித்து ஆராய்ச்சியாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருப்பதால் நான் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இப்பொழுது என் மீது பாயக் காத்திருக்கும் தோழர்களைக் கவனிப்போம். தொழிற்சங்க உணர்ச்சியுள்ள நண்பர்கள் கேட்பார்கள்: "ஐயா கிராணியாரே, அவன் மனத்தில் ஓடுவது பொய்யா? கடன் பொய்யா? பிடித்துக்கொண்ட சம்பளம் பொய்யா? சுரண்டுகிறவனை விட்டுவிட்டுச் சுரண்டப்படுகிறவனின் மனத்தைச் சீர்படுத்த வருகிறீரே! முதலாளிக்கு ஏற்ற சாந்த சொரூபியாக அவனை ஆக்கிவைப்பதுதானா உமது சீர்திருத்தம்?"

இது நேர்மையான கேள்வி. இப்படிக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். சாந்தத்தைப் போதித்துச் சங்கிலியை மறக்கச்செய்யும் வித்தை நமக்குப் புதிதன்று; பல நூற்றாண்டுகளாக அதைப் பல பெயரில் பார்த்துவிட்டோம். ஆனால் அசைபோடுதல் எந்த முதலாளிக்கு எதிரி என்று சற்று யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி, சம்பளம் தவறிய தொழிலாளி முதலில் சமரசத்துக்கும் பின்னர் 2017-இல் ஏற்பட்ட வேலைக் கோரிக்கை மன்றத்துக்கும் போகலாம். வேலையில் இருப்பவன் தவறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிடவேண்டும். வேலையை விட்டவனுக்கு, விட்ட நாளிலிருந்து ஆறே மாதம். இத்தனை சம்பளம் என்று வேலை அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறது. எத்தனை வந்தது என்று பாங்கிக் கணக்கில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் உழைத்தான் என்பதை அவனே நாள்தோறும் ஒரு சிறு நோட்டில் குறித்துவைக்கலாம். "ஏன் எனக்கு இந்த அநியாயம்?" என்று ஆறு மாதம் இரவுதோறும் கேட்டுக்கொண்டிருப்பவனால் முதலாளிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. காலக்கெடு மட்டும் கழிந்துகொண்டிருக்கும். "எந்த மாதம், எவ்வளவு குறைந்தது, யாரிடம் எந்தக் காகிதத்தோடு போகவேண்டும்?" என்று கேட்கப் பழகியவன்தான் வாசலில் வந்து நிற்பான். எங்கள் தோட்டங்களில் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தன் பேரைத் தானே பார்த்த தொழிலாளியைக் கண்டுதான் அதிகாரிகள் கலங்கினார்களேயொழிய, மூலையில் உட்கார்ந்து தன் விதியை நொந்தவனைக் கண்டு எவரும் கலங்கியதில்லை. ஆகவே இப்பயிற்சியை உரிமைப்போருக்கு மாற்றாக நான் சொல்லவில்லை. போருக்கு வருகிறவன் தூங்கி எழுந்து வரவேண்டும் என்கிறேன்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன நோலன்-ஹூக்ஸிமா, ஆண்களைவிடப் பெண்களிடம் இவ்வழக்கம் மிகுதி என்று கண்டார். கண்டதும் நம்மவர், "பெண்புத்தி" என்று தீர்ப்பெழுதிவிடுவர். அவரோ அதற்குக் காரணம் தேடி, தம் வாழ்வின்மேல் தமக்கு அதிகாரமில்லாமையும் ஓயாத வீட்டுச்சுமையும் அவ்வழக்கத்தை வளர்க்கின்றன என்று காட்டினார். பேச விடாதவளுக்கு நினைப்பது தவிர வேறென்ன மிஞ்சும்? சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் பிறர் வீட்டுச் சமையலறையில் வேலைபார்க்கும் நம் சகோதரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேக்காகூடப் பல வேளைகளில் கிட்டுவதில்லை.

இனி நம் படித்த வகுப்பாரிடம் வருகிறேன். நானும் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன்தான்; ஆதலால் வீட்டுச் சங்கதியாகவே பேசுகிறேன். மேலே சொன்னவற்றையெல்லாம் இவர்கள் அறிவார்கள். தங்களுக்கு மனம் கலங்கினால் நல்ல ஆலோசகரிடம் போய் மணிக்கு இத்தனை வெள்ளி கொடுத்து இங்கிலீஷில் பேசிவிட்டு வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தங்கள் வீட்டுக்கு வர்ணம் பூச வந்த தமிழனிடம் அதே ஞானத்தை மூன்று வாக்கியத் தமிழில் சொல்லத் தெரியாமல், "யோசிக்காதே தம்பி" என்கிறார்கள். தமிழில் அச்சாகும் துண்டறிக்கைகளோ பல வேளைகளில் இங்கிலீஷின் எலும்புக்கூட்டுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியவை. "மண்டைக்குள்ளே ஓடிக்கொண்டேயிருக்கிறது", "மனசு அதையே அரைக்கிறது" என்று நம் மக்கள் தம் நோயை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்! அந்தச் சொற்களை எடுத்துக்கொள்ளாமல் அகராதியைப் புரட்டிப் புதுச்சொல் அடுக்குவது யாருக்காக?

சிங்கப்பூர் மனநலக் கழகத்தார் 2016-இல் எடுத்த கணிப்பில், வாழ்நாளில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோவொரு மனநோய் வந்திருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் எவருடைய உதவியையும் நாடவில்லை. அந்தக் கணக்கு பிரஜைகளையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. வேலை அனுமதிச்சீட்டில் வந்தவன் அதில் எண்ணப்படவேயில்லை. உதவியை நாடாததற்கு வெட்கம் ஒரு பெருங்காரணம். 1928-இல் இயோ சூ காங்கில் திறந்து, 1951-இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் மாற்றி, 1993-இல் புவாங்கோக்குக்குக் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் பெயரைச் சிங்கப்பூரார் வசைச்சொல்லாக்கினார்கள். ஜொகூரில் நாங்கள் தம்போயை அப்படி ஆக்கினோம். ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிச் சண்டையில் திட்டுகிற சமூகம், நோயாளி தானாக அங்கே போகவில்லையே என்று ஆச்சரியப்படுவது விந்தையிலும் விந்தை. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி இராமநாதபுரம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 25 பேருக்கு மேல் தீயில் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டது அவர்களுடைய சொந்தக் குடும்பத்தாரே என்பதை மறக்கவேண்டாம். வெட்கத்தின் முழு நீளம் அது.

வைத்தியர்கள் போதாதே, யார் கற்றுக்கொடுப்பது என்பது கடைசி ஆட்சேபம். ஜிம்பாப்வே நாட்டைப் பாருங்கள். அங்கே ஷோனா மொழியில் மனத்துயருக்குப் பெயரே "மிகையாக யோசித்தல்" என்பதாம். அதாவது அம்மக்களும் நம் மக்களைப் போலவே பேசுகிறார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனோவைத்தியர் அந்தச் சொல்லை இகழாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, சாதாரணப் பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலையங்களின் வெளியே மரப்பெஞ்சியில் உட்காரவைத்தார். வந்தவனிடம் பாட்டி "யோசிக்காதே" என்று சொல்லவில்லை. உன் தொல்லைகளை வரிசையாகச் சொல், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்றாள். இப்படி ஆறு அமர்வுகள். 573 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனை 2016-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வின் குறிகள் நீடித்தன. பெஞ்சியில் உட்கார்ந்து பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே நீடித்தன. கோவாவிலும், டாக்டரல்லாத ஆலோசகர்கள் சில அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைக்கமுடியும் என்று விக்ரம் பட்டேல் குழுவினர் 495 பேரைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். ஹராரேயில் பாட்டிக்கு முடிந்தது, தேக்காவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு முடியாதா? தாதியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாளுக்கு முடியாதா?

எல்லாருக்கும் இது போதும் என்று எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவனை, குரல்கள் கேட்கிறவனை, வாரக்கணக்கில் உணவும் உறக்கமுமின்றிக் கிடப்பவனைப் பெஞ்சியில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது குற்றம். அவனை உடன்போய் வைத்தியரிடம் சேர்க்கவேண்டும். மாத்திரை வேண்டுமானால் மாத்திரை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவனை 2020 ஜனவரி முதல் சிங்கப்பூர்ச் சட்டம் குற்றவாளியாகக் கருதுவதில்லை; 2023 முதல் மலேசியாவிலும் அப்படியே. சட்டம் கைவிட்ட பழியை நம் வாய் கைவிடவில்லை. பெஞ்சியில் இருப்பவர் முதலில் கற்கவேண்டியது எவனை எப்போது எங்கே அனுப்புவது என்பதைத்தான்.

செலவைப் பற்றிப் பேசுவோருக்கும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குச் சிராங்கூன் ரோடு முழுவதும் விளக்குத் தோரணம் கட்டுகிறோம். சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு ஊரிலிருந்து நடிகர்களை வரவழைக்கின்றன. நான் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி முதல் ஒன்பது மணி வரை சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மூலை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு நோட்டுப் புத்தகம், பயிற்சி பெற்று முறைபோட்டு வரும் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களுக்கு மாதம் ஒருமுறை வழிகாட்ட ஒரு மனநல வைத்தியர். நாற்காலிகளை எங்கள் தோட்டத்துக் கிளப்பிலிருந்தே அனுப்பிவைக்க நான் தயார். சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன்.